கணவரிடம் போகும் முன்... காகிதம் தயார், உடம்பும் மனசும் தயாரா?

"மாப்பிள்ளைக்கு லண்டன்ல வேலை. கல்யாணம் முடிஞ்ச பதினஞ்சாம் நாளே கிளம்பிட்டார். பொண்ணுக்கு இன்னும் விசா வரலை. எப்போ வருமோ!"

குன்னூர் பெட்போர்டு பக்கம் போனாலும் சரி, வெலிங்டன் பக்கம் போனாலும் சரி, படுகர் ஹட்டி ஒன்றில் கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தாலும் சரி... இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. தாலி கட்டிய கையோடு கணவர் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். நடுவில் பல மாதக் காத்திருப்பு.

காகிதங்களைச் சேர்ப்பதில் காட்டுகிற அக்கறையை, போகிற பெண்ணின் உடம்பிலும் மனசிலும் நம் வீடுகள் காட்டுகின்றனவா? பல வீடுகளில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த மலைக்குத் தெரிந்த வலி

காகிதத்துக்காகக் குடும்பம் காத்திருப்பது நீலகிரிக்குப் புதிதல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது 1974-ல். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் பிறகு குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ ஆனது.

அப்போது அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. 'ஊர் மாறுவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமில்லை' என்பதை இந்த மலையில் உள்ள பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனையும், அந்த மறுவாழ்வு வேலையையும் கவனிப்பது ஒரே ஆணையரகம்தான். பொருத்தம்தானே!

முதலில் காகிதம்

2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆகவேண்டும். கோயில் ரசீதோ, கல்யாண ஆல்பமோ மட்டும் போதாது. கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட்... மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி வரும்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு அடிப்படை ஆங்கிலத் தேர்வு உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரக் குடியுரிமையோ உள்ள கணவர், 2024 ஏப்ரல் முதல், பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். முதலில் கிடைக்கும் விசா 33 மாதத்துக்கு. அமெரிக்காவில், கல்யாணமாகி இரண்டு வருடம் முடியும் முன் மனைவியாகக் குடியேறினால், நிபந்தனையோடு கூடிய இரண்டு வருட கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். அந்தத் தேதியைச் சமையலறை காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்!

கணவர் எச்-1பி விசாவில் இருந்தால் மனைவிக்கு எச்-4. இந்த விசாவில் வேலை பார்க்க எல்லோருக்கும் அனுமதி கிடையாது. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் கேட்க முடியும். அந்த வசதியும் 2015-ல்தான் வந்தது. "போன உடனே வேலைக்குப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால், விசாவின் பெயரைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

டாக்டர் முன்னால்...

குன்னூருக்கும் தடுப்பூசிக்கும் பழைய சொந்தம். சிம்ஸ் பார்க் அருகில் இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் கடைசி வாரத்தில் ஊசிக்கு அலையலாமா?

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் பரிசோதனை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ரணஜன்னி, தொண்டை அடைப்பான், ஹெபடைடிஸ்-பி என்று வயதுக்கேற்ற ஊசிகளைப் பார்ப்பார்கள். சின்ன வயதில் போட்ட அட்டை கிடைத்தால் எடுத்துப் போங்கள், ஊசிகள் மிச்சமாகும்.

புதுமணப் பெண்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. தட்டம்மை-ருபெல்லா ஊசியும், சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. கர்ப்பமாக இருக்கும்போது இவற்றைப் போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப் போயிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணி என்றால் இந்த ஊசிகளுக்கு விலக்கு உண்டு, விசா போய்விடாது.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அதுவும் சென்னை முதலான ஊர்களில் அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இல்லாவிட்டால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகலாம். ஆகவே கடைசி நிமிடம் வரை ஒத்திப்போடாதீர்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை கேட்கலாம். இல்லாவிட்டால் வயிற்றுக்குக் காப்புப் போட்டு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை காசநோய் என்றே வந்துவிட்டால்? அழ வேண்டாம், மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சாதாரண வகைக் காசநோய் சுமார் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகும். குணமானதும் மறுபடி விண்ணப்பிக்கலாம். விசா தள்ளிப்போகும், வாழ்க்கை தள்ளிப்போகாது.

"குளிரு எங்களுக்குப் புதுசா?"

குன்னூர்ப் பெண்கள் பெருமையாகச் சொல்வது இது. உண்மைதான், ஆறாயிரம் அடி உயரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஸ்வெட்டர் புதிதல்ல. ஆனால் அங்கே ஆளை வாட்டுவது குளிரைவிட இருட்டு! டிசம்பரிலும் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பகல். லண்டனில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. பிற்பகல் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

வெயில் குறைந்தால் வைட்டமின்-டி குறையும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின்-டி எடுத்துக்கொள்ள பிரிட்டிஷ் அரசு எல்லோருக்குமே யோசனை சொல்கிறது. கருநிறத் தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது. கால் வலி, இடுப்பு வலி, ஓயாத அசதி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மனசும் இருண்டு போகலாம். குளிர்காலத்தில் மட்டும் வரும் இந்த மனச்சோர்வை 1984-ல் மருத்துவ உலகம் பெயரிட்டு விளக்கியது. நாளெல்லாம் தூக்கம், இனிப்பு தின்னும் ஆசை, எதிலும் பிடிப்பில்லாமை... இவை அடையாளங்கள். காலை வெளிச்சத்தில் அரை மணி நடந்தால் நல்லது. இங்கே மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள், அங்கே சோபாவில் சுருண்டுவிடக் கூடாது. உடம்பு பெருத்தால் இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரமே எட்டிப் பார்க்கும்.

போன முதல் மாதம்

பிரிட்டனில் குடும்ப மருத்துவரிடம் உடனே பெயரைப் பதிந்துவிடுங்கள். விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்களே, பயன்படுத்த வேண்டாமா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அமெரிக்காவில் கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸில் மனைவி பெயரைச் சேர்க்கக் கெடு உண்டு, பொதுவாக 30 நாள். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். கணவரிடம் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் தைராய்டு, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கவர் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கட்டும். நம் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் ஆகிவிடும்!

வாய் விட்டுப் பேசுங்கள்

கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்காது. அம்மாவுக்கு போன் போட்டால் இங்கே நடுராத்திரி. முதல் சில வாரம் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, 'எதுக்கு வந்தோம்' என்றே தோன்றினால் அது வியாதி. மருந்தும் ஆலோசனையும் உண்டு. "பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ" என்று பயப்படாதீர்கள்.

கணவன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் பெயரிலும் ஒரு பேங்க் கணக்கு, அவள் கையில் ஒரு போன், பஸ் பாதை தெரிந்த தைரியம்... இவற்றைக் கொடுங்கள். மாத்திரை பாதி மிச்சமாகும்.

பெற்றோர்களே, சொல்லக் கசந்தாலும் சொல்லியாக வேண்டும். பாஸ்போர்ட் மகள் கையிலேயே இருக்க வேண்டும். நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். "விசா என் கையில இருக்கு, ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டி அடிக்கிற கணவனிடம் அவள் அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1994 முதல், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன் கொடுமை செய்தால் மனைவி தானே மனு போடச் சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனில் வன்முறைக்கு ஆளான மனைவிக்கு மூன்று மாதத் தனி அனுமதியும், அரசு உதவியும், நிரந்தரக் குடியுரிமைக்கு வழியும் உண்டு. கனடாவில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை 2017-ல் நீக்கப்பட்டது. உடனடி ஆபத்து என்றால் பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. நம் பக்கம், தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை வழக்குகளுக்கென்றே 2009 முதல் தனிப் பிரிவு செயல்படுகிறது. இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம்.

இந்த எண்களை மகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். தேவைப்படாமலே போகட்டும், ஆனால் தெரிந்திருக்கட்டும். வாரம் ஒரு முறையாவது அவளோடு தனியாகப் பேசுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நல்லா தூங்கறியா? அழுதியா? வெளியில போனியா?" என்றும் கேளுங்கள். அவள் ஒரு நிமிடம் தயங்கினால், அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள்!