“யோசனையால் நின்றது” என்று விட்டுவிடலாமா?

வட்டுக்கோட்டை, சங்கரத்தை, அராலிப் பக்கங்களில் பெண்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்றுண்டு. “யோசிச்சு யோசிச்சுத்தான் பிள்ளை, அவளுக்கு மாதச்சுகயீனம் வாறேல்லை” என்று தாய்மார் சொல்வார்கள். கணவனை இழந்தவள், காணாமற்போன சகோதரனைத் தேடி அலைபவள் என்றால் எவரும் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அந்த வார்த்தையில் உண்மை இல்லாமலில்லை. பட்டினியும் கடும் மன அழுத்தமும் மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. ஆனால் தைரொயிட் கோளாறும் அதைச் செய்யும். ஊரில் ‘நீர்க்கட்டி’ என்றும் கிளினிக்கில் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்றும் சொல்லப்படும் சூலக நோயும் அதைச் செய்யும். எது காரணம் என்பதை ஊகத்தால் அல்ல, பரிசோதனையால்தான் அறிய வேண்டும்.

இது என்ன நோய்?

பெயரில் கட்டி இருந்தாலும் இவை உண்மையான கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப்பைகளே ஸ்கானில் அப்படித் தெரிகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் ஆண் ஹோர்மோன் மிகுதியும் இந்நோயில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இதனால் மாதவிடாய் பிந்தும்; முகத்தில் உரோமம் வளரும்; பருக்கள் வரும்.

“எனக்கு இனிப் பிள்ளை பெறுகிற யோசனை இல்லை, பிறகேன் மருந்து?” என்று விதவைச் சகோதரியொருவர் என்னிடம் கேட்டார். பலர் மனதிலும் உள்ள கேள்வி இது. இது பிள்ளைப்பேற்றோடு மட்டும் முடியும் நோயல்ல. நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பை இது கூட்டுகிறது. மாதவிடாய் நெடுங்காலம் வராதிருந்தால் கருப்பையின் உட்படை தடித்து, அரிதாகப் புற்றுநோயும் ஏற்படலாம். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு உடல்நலமே முதல்.

வழிகாட்டி எப்படி உருவானது?

ஒரு வைத்தியர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் சொன்ன நிலையை மாற்ற, அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2018 இல் சர்வதேச வழிகாட்டியொன்றை வெளியிட்டது. 2023 இல் அது புதுப்பிக்கப்பட்டது. வைத்தியர்களோடு இந்நோயுள்ள பெண்களும் அமர்ந்து எந்தக் கேள்விகள் முக்கியம் என்று தீர்மானித்தார்கள். பின்னர் ஆய்வுகள் திரட்டப்பட்டு, ஒவ்வொரு சான்றும் எவ்வளவு உறுதியானது என்று எடைபோடப்பட்டது. சான்று போதாத இடத்தில் அது அனுபவத்தால் எட்டிய இணக்கம் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டது. சமூகவியல் படித்த எனக்கு இதில் பிடித்தது, நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் அங்கே இடம் இருந்தது என்பதுதான்.

அது சொல்வனவற்றுள் எமக்கு வேண்டிய சில:

வளர்ந்த பெண்ணுக்கு மாதவிடாய் 35 நாளைக் கடந்து வந்தாலோ, 21 நாளுக்குள் வந்தாலோ, வருடத்தில் 8 தடவைக்குக் குறைந்தாலோ அது ஒழுங்கீனம். பெரியபிள்ளையாகி முதல் வருடத்தில் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. பெரியபிள்ளையாகி 8 வருடங்களுக்குள் இந்நோயைக் கண்டறிய ஸ்கான் பரிந்துரைக்கப்படுவதில்லை. எனவே பதினைந்து வயதுப் பிள்ளையை இதற்காகவே ஸ்கானுக்குக் கொண்டு ஓடிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை; வைத்தியரிடம் காட்டினால் போதும்.

எந்த ஒரு விசேட உணவும் மற்றதைவிடச் சிறந்ததென நிரூபிக்கப்படவில்லை. விலைகூடிய மாப்பொருட்களை வாங்காதீர்கள். அளவான சோறு, குரக்கன், கீரை, மீன், தினமும் நடை என்பன போதுமான தொடக்கம். மாதவிடாயை ஒழுங்குபடுத்த வைத்தியர் கருத்தடை மாத்திரை தந்தால், “கலியாணமாகாத பிள்ளைக்கோ?” என்று அஞ்ச வேண்டாம். அங்கே அது ஹோர்மோன் மருந்து.

இந்நோயுள்ள பெண்களின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் விசாரிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. யோசனையால் நோய் வந்தது என்று நாம் சொல்கிறோம்; நோயோடு யோசனையும் வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் கணக்கு எங்கே?

இலங்கையிலும் சான்று தேடப்பட்டது. 2005–2006 இல் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான 2,915 பெண்களிடம் கொழும்பு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் 6.3 வீதமானோருக்கு இந்நோய் காணப்பட்டது. 2006 ஆவணியில் எமக்கு ஏ-9 பாதையே மூடப்பட்டது. அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. வாய்திறந்து சொல்லாத பெண் எந்தக் கணக்கிலும் சேரமாட்டாள்.

1847 இல் வட்டுக்கோட்டைக்கு வந்து பின் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் வைத்தியர், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இந்த வழிகாட்டியும் எளிய தமிழில் ஒவ்வொரு கிளினிக் மேசைக்கும் வரவேண்டும். அதைக் கேட்பது எமது உரிமை.

சகோதரிகளே, இன்றே ஒரு கலண்டரில் மாதவிடாய்த் தேதிகளைக் குறிக்கத் தொடங்குங்கள். மூன்று மாதம் வராதிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தனியே போகக் கூச்சமென்றால் குழுவில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். நீரிழிவுப் பரிசோதனையையும் கேட்டுச் செய்வியுங்கள். கலண்டரைக் கையோடு கொண்டுபோக மறவாதீர்கள். வைத்தியருக்கு நீங்கள் கொடுக்கும் முதற் சான்று அதுதான்.