கடற்குளியலும் நம் பிள்ளைகளும்

தண்ணீர்த் திருவிழா விடுமுறை என்றால் நம்மவர் பலர் வண்டி அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு சாங்தா கடற்கரைக்குப் புறப்படுவது யாங்கோனில் பழைய வழக்கம். ஏப்ரல் வெயிலில் கடற்குளியலைப் போல உடம்புக்கும் மனத்துக்கும் இதமானது வேறில்லை. டாக்டர் எதற்கும் தடை சொல்பவர் என்று எண்ண வேண்டாம், நானும் குளிக்கிறவன்தான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே கண்டது இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். லாரி டயர் டியூபில் மிதந்துகொண்டிருந்தான். அந்தக் கரை மேற்கு நோக்கியது. காலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும். அலை சாதுவாகத் தெரிய, டியூப் மட்டும் ஓசைப்படாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பயந்த பையன் டியூபை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்த்திருக்கிறான். படகுக்காரர்கள் தூக்கி வந்தபோது மூச்சில்லை. கூடியிருந்தவர்கள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், தோளில் போட்டுச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான். கரையின் மறுகோடியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

நீரில் மூழ்கியவரைக் கொல்வது வயிற்றுத் தண்ணீர் அல்ல, மூளைக்குப் பிராணவாயு போகாமை. வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்கள். அசைவும் மூச்சும் திரும்பாவிட்டால் நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. பிழைத்து எழுந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். பெரிய ஆஸ்பத்திரி பசீனில்தான், நடுவில் மலைப்பாதை. ஆகவே தாமதிக்காதீர்கள்.

குளத்தில் நீந்திப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரு பக்கமும் அலை வெண்ணுரையாக உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும். "அங்கே அலையில்லை, அங்கே போய்க் குளி" என்று நாமே பிள்ளையை அனுப்புவோம். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம்! சில வேளை அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுக்கும். தேர்ந்த நீச்சல்காரரும் எதிர்த்து வெல்ல முடியாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, தூரமாகத்தான் கொண்டுபோகும். பதறாமல் மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் பெரும்பாலும் விடுபடலாம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலக் கடலில் இறங்கவே வேண்டாம்.

சேலையும் கைலியும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். குடித்தவரைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். டியூப் உயிர்க்கவசம் ஆகாது. உடம்பில் இறுகக் கட்டும் மிதவைச் சட்டையே நல்லது.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. புளியோதரை கட்டுவது யார் என்று முன்கூட்டியே பேசிவைக்கிறோமே, தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்பதையும் பேர் சொல்லி வையுங்கள். அரை மணிக்கு ஒருவர், கையில் டெலிபோன் இல்லாமல்.