அயல்நாட்டில் கைவினைப் பொருள் வாங்குவோர் கவனத்திற்கு

காரைக்காலில் கடல் கடந்த உறவு இல்லாத தெரு அரிது. 1739 முதல் 1954 வரை இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் பிரான்சிலும் ரெயூனியன் தீவிலும் நம் மக்கள் குடியேறினர்; வாணிகத்தின் பொருட்டு மலேயா சென்றோரும் பலர். ஆதலின் பயணப் பெட்டி திறக்கப்படும்போது சுற்றியிருந்து பார்க்கும் அனுபவம் நம்மில் அநேகருக்கு உண்டு. பாரீசிலிருந்து வரும் பெட்டியில் ஈபெல் கோபுரம் தொங்கும் சாவிக்கொத்து தவறாது இருக்கும். அதன் அடியை உற்று நோக்கினால் செய்த நாடு சீனா என்று பொடியெழுத்தில் காணப்படுவதும் உண்டு. அன்பளிப்பைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்நாட்டுக் கைவினைஞர் எவருக்கும் அதனால் ஒரு காசும் சேரவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் நாள் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. சில நாட்களிலேயே நின்று, பின்னர் 2024 ஆகஸ்டில் மீண்டும் விடப்பட்டது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் நிறுத்தப்படுவதும் உண்டு. விமானத்தில் ஏறியறியாத நம் அங்கத்தினர்களுக்கும் இக்கப்பலால் அயல்நாடு சென்று பொருள் வாங்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. விற்றே பழகிய நாம் அங்கே வாங்குவோராக நிற்கிறோம். அதுபற்றிச் சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. கொழும்பு நகரில் ஒரு கடையில் பாத்திக் துணி என்று சொல்லி இரண்டு சாரங்கள் விற்றனர். சங்கங்களின் இருப்புக் கணக்கைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான், கேள்வி ஏதும் கேளாமல் வாங்கி வந்தேன். என் தாயார் தறி வீட்டில் பிறந்தவர். துணியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அச்சுத் துணி அல்லவா, தம்பி?" என்றார்.

அவர் பார்த்தது துணியின் மறுபுறத்தை. பாத்திக் என்பது மெழுகினால் செய்யும் வேலை. சாயம் ஏறக்கூடாத இடத்தை உருக்கிய மெழுகால் மூடித் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். பின்னர் கொதிநீரில் மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்கு மீண்டும் மெழுகிடுவர். துணி முழுவதும் சாயத்தில் மூழ்குவதால் இருபுறமும் நிறம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மேற்புறம் மட்டும் அச்சிட்ட துணியிலோ பின்புறம் வெளிறிக் கிடக்கும். மெழுகு விரிசல் கண்ட இடங்களில் சாயம் கசிந்து மெல்லிய கோடுகள் ஓடுவதும் உண்டு. ஆனால் அக்கோடுகளையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்புதல் தகாது. கையால் செய்யும் இவ்வேலையின் தாயகங்களுள் முதன்மையானது இந்தோனேசியா. அந்நாட்டுப் பாத்திக் 2009இல் யுனெஸ்கோவின் மரபுக்கலைப் பட்டியலில் இடம்பெற்றது.

மலேசியா செல்வோர் சொங்கெட் துணியைக் காணாது திரும்பலாகாது. கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் நெய்யப்படும் இதில், ஊடையுடன் கூடுதலாகச் சரிகையிழை புகுத்திப் பூவேலை எடுக்கின்றனர். நம் புட்டா வேலையை அறிந்தவருக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. கைத்தறிச் சொங்கெட் விலை மிகுந்தது. மலிவாகக் கொடுப்பதாக எவரேனும் கூறினால் அது விசைத்தறி என்றே ஐயுறலாம்.

யாழ்ப்பாணத்துப் பொருளோ நமக்கு அந்நியமானதன்று; நம் கடற்கரையிலும் நிற்கும் பனையின் ஓலைதான். விரியாத குருத்தோலையை வெட்டி வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வகிர்ந்து, சிலவற்றைச் சாயநீரில் கொதிக்கவைத்த பின்னரே பின்னல் தொடங்குகிறது. பெட்டி, சுளகு, கடகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஆகியன அங்கே இன்றும் வீட்டுப் புழக்கத்தில் உள்ளவை. வாங்குமுன் விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் அங்கிருந்தே பிரியும். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்க வேண்டும். பூஞ்சை நாற்றம் வீசினால் ஓலை சரியாக உலரவில்லை என்று பொருள்.

எங்கே வாங்குவது? 1978இல் நிறுவப்பெற்ற பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பனைத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் அங்கு உண்டு. தென்னிலங்கை வரை செல்வோர் அரசு நிறுவனமான லக்சலவின் கடைகளில் முகமூடி, பித்தளைப் பொருள் முதலியவற்றைக் காணலாம். இவ்விடங்களில் விலை எழுதப்பட்டிருக்கும், பட்டியலும் கிடைக்கும்.

பேரம் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணம் சென்றுவந்த நண்பர் ஒருவர், தெருவோரம் பின்னிக்கொண்டிருந்த அம்மையாரிடம் பெட்டியின் விலையைப் பாதியாகக் குறைத்து வாங்கியதைப் பெருமையாகச் சொன்னார். அவரும் நெசவாளரே. சந்தைக்காரன் தம் சேலைக்கு விலை குறைத்த நாளில் அவர் என்னிடம் வந்து முறையிட்டதை நான் மறக்கவில்லை. அவரிடம் நினைவூட்டவும் செய்தேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் மகளிர் அம்மாகாணத்தில் பலர். அவர்களுள் சிலருக்கு ஓலைப் பின்னலே கைக்காசு. இடைத்தரகனிடம் பேரம் பேசுங்கள். செய்தவரிடமே வாங்கும்போது, இதனைப் பின்ன எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் கேளுங்கள். விடையைக் கேட்டபின் எவ்வளவு குறைக்கலாம் என்பது தானே விளங்கும்.

வாங்கக் கூடாதனவும் உண்டு. ஆமையோட்டுச் சீப்பு, தந்த வேலைப்பாடு, பவளப்பாறைத் துண்டு ஆகியவற்றைக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் தொடாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்துள்ளன. பழைய ஓலைச்சுவடி, பழஞ்சிலை ஆகியவை வேறு வகை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமமின்றி அவற்றை வெளியே கொண்டுசெல்ல இயலாது. விவசாயிகள் ஆசைப்பட்டு விதையோ நாற்றோ எடுத்து வருவதும் கூடாது. பயிர்நோய்த் தடுப்பு விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. கப்பலில் ஏற்றும் சுமைக்கு எடை வரம்பு இருப்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டியலைச் சுங்கச் சோதனை முடியும் வரை கைப்பையில் வையுங்கள், பெட்டியின் அடியில் அன்று. ஓலைப் பெட்டிகளைச் சிறியது பெரியதனுள் அடங்குமாறு அடுக்கி, இடைவெளியில் துணிகளைத் திணித்தால் நசுங்கா. கடற்காற்றின் ஈரம் ஏறியிருக்கும். வீடு சேர்ந்ததும் ஒரு நாள் இளவெயிலில் வைத்து எடுத்தபின் உறவினருக்குக் கொடுக்கலாம்.