தவளையின் காலும் தேரையின் விஷமும்

மழை பெய்து ஓய்ந்த இரவில் வயற்புறமெங்கும் கத்திக்கொண்டிருக்கும் தவளையையும், விளக்கு வெளிச்சத்தில் வந்து விழும் பூச்சிகளுக்காகத் திண்ணையோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தேரையையும் நாம் வெவ்வேறு ஜாதியாகக் கருதிப் பழகியிருந்தாலும், பிராணி சாஸ்திரிகள் இரண்டையும் வாலற்ற நீர்நில வாழ்வன என்னும் ஒரே வரிசையில் அடக்கி, அதனுள் ஒரு குடும்பமாகவே தேரைகளை எண்ணுகிறார்கள். ஆயினும், சத்துரு எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்ற பிரச்னைக்கு இவ்விரண்டும் கண்ட உபாயங்கள் நேர் விரோதமானவை. மற்ற வேற்றுமைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

நம் ஏரிகளில் வாழும் பெரிய பச்சைத் தவளை ஓட்டத்தையே நம்பியது. நீண்ட பின்னங்கால்களையும், விரல்களை இணைக்கும் ஜவ்வையும் கொண்டு, ஆள் நிழல் பட்ட மாத்திரத்திலே ஒரே தாவலில் ஜலத்துக்குள் மறைந்துவிடும். தோலாலும் சுவாசிக்கும் பிராணியாதலால் அதன் சர்மம் எந்நேரமும் ஈரமாயிருக்க வேண்டும். எனவே நீர்நிலையை விட்டு வெகுதூரம் அகல்வது அதற்குச் சாத்தியமில்லை.

தேரையோ ஓடுவதில்லை. கட்டைக் கால்களால் நடந்தும், சிறுசிறு துள்ளலாகத் துள்ளியும் செல்லும் அதற்குக் கண்களின் பின்புறம் பருத்த இரு சுரப்பிகள் இருக்கின்றன. நாய் கவ்வினால் அவற்றிலிருந்து பால் போன்ற விஷம் கசிய, நாய் வாயில் நுரை தள்ள அதைத் துப்பிவிடும். தேரையைத் தொட்டால் உடம்பில் மரு உண்டாகும் என்பது வீண் பயமே. ஆனால் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்குவது விவேகமாகாது. தடித்துச் சொரசொரத்த தோலுள்ள தேரை தோட்டத்திலும் கல்லிடுக்கிலும் காலந்தள்ளும் என்றாலும், முட்டையிட மட்டும் தண்ணீருக்குத் திரும்பியே ஆகவேண்டும். தவளைகளில் பல திரள் திரளாக முட்டையிட, தேரை கோத்த கருமணிச் சரம்போல நீண்ட இழைகளாக நீர்ச்செடிகளில் சுற்றிவிடுகிறது. தவளையின் மேல்தாடையில் உள்ள சிறு பற்கள் தேரைக்கு இல்லை.

விஷத்தின் வலிமையை ஆஸ்திரேலியர்கள் நன்கறிவார்கள். 1935-இல் கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்காக குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கத் தேரை, வண்டுகளை ஒழிக்காமல் ஊரெங்கும் பெருகியது. அதை இரையென்று நம்பி விழுங்கிய உடும்புகளும் பாம்புகளும் மடிந்தன. நம் நாட்டுச் சாரைப்பாம்பு தேரையைச் சாதாரணமாக விழுங்கி ஜீரணிப்பது, தலைமுறை தலைமுறையாக இயற்கைத் தேர்வால் ஏற்பட்ட எதிர்ப்புச் சக்தியின் விளைவு.

தவளைக்கு அதன் காலே ஆபத்தாயிற்று. ஐரோப்பியரும் அமெரிக்கரும் விரும்பி உண்ணும் தவளைக் கால்கள் இந்தியாவிலிருந்து ஏராளமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. வயலில் பூச்சிகளைத் தின்பவை குறைந்துபோவதை உணர்ந்து, 1987-இல் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. தேரையைக் காப்பாற்ற அப்படியொரு சட்டம் வேண்டியிருக்கவில்லை.