சரக்குப் பெட்டகங்களின் எடை சரிபார்ப்பு

சரிபார்க்கப்பட்ட மொத்த எடை என்பது சரக்கு நிரப்பி மூடப்பட்ட ஒரு கப்பல் சரக்குப் பெட்டகத்தின் உண்மையான முழு எடையாகும். சரக்கின் எடை, பொதிகளின் எடை, சரக்கு நகராமல் இருக்க வைக்கப்படும் முட்டுக்கட்டைகள், கட்டுப் பொருள்களின் எடை, பெட்டகத்தின் வெற்று எடை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வி.ஜி.எம். என்ற சுருக்கப் பெயராலும் இது அறியப்படுகிறது. இந்த எடை தெரிவிக்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது 2016 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதியாகும்.

தேவை

பெட்டகக் கப்பலில் எந்தப் பெட்டகம் எங்கே அடுக்கப்பட வேண்டும் என்பது முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. பொதுவாகக் கனமானவை கீழடுக்கிலும் இலகுவானவை மேலடுக்கிலும் வைக்கப்படுகின்றன. குறைத்துக் காட்டப்பட்ட கனமான பெட்டகம் மேலே சென்றால், கீழுள்ளவை நசுங்கி அடுக்கு சரியலாம். பல பெட்டகங்களின் எடை தவறாக இருந்தால் கப்பலின் நிலைப்புத்தன்மையே பாதிக்கப்படும். துறைமுகப் பளுதூக்கிகளை இயக்குவோரும் சரக்குந்து ஓட்டுநர்களும் இதனால் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

விபத்துகள் காட்டிய உண்மை

2007 சனவரியில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கிச் சேதமடைந்தது. அதிலிருந்த 26 பேரும் மீட்கப்பட்டனர். பின்னர் கப்பல் இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் கரைதட்ட வைக்கப்பட்டது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறத்தாழ 660 பெட்டகங்கள் எடை போடப்பட்டன. அவற்றுள் 137 பெட்டகங்களின் எடை, அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டது. மிகப் பெரிய வேறுபாடு 20 டன். இந்த 137 பெட்டகங்களும் சேர்ந்து ஆவணங்களில் இருந்ததைவிட 312 டன் கூடுதலாக இருந்தன. விபத்துக்கு எடைப் பிழை மட்டுமே காரணமன்று. இயந்திர அறைப் பகுதியில் கப்பலின் உடற்பகுதி போதிய வலிமை பெற்றிருக்கவில்லை. எனினும், ஏட்டில் உள்ள எடையை நம்ப முடியாது என்பதை இந்த ஆய்வு வெளிப்படுத்தியது.

2011 சூனில் எசுப்பானியாவின் அல்கெசிராசு துறைமுகத்தில் டெனெப் என்ற கப்பல் சரக்கேற்றும்போதே சாய்ந்தது. அதன் ஏற்றுப் பட்டியலில் இருந்த 168 பெட்டகங்களுள் 16 பெட்டகங்களின் உண்மை எடை அறிவிக்கப்பட்டதைவிட மிக அதிகமாக இருந்தது.

விதி

பெட்டகத்தின் எடையை அறிவிக்கும் கடமை முன்பே இருந்தது. அதைச் சரிபார்க்கும் கட்டாயம் இல்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014 நவம்பரில் சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 6ஆம் அத்தியாயத்தைத் திருத்தி இக்குறையை நீக்கியது. இந்தியாவில் இவ்விதியைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் செயற்படுத்துகிறது.

இரண்டு முறைகள்

முதல் முறையில், நிரப்பி முத்திரையிடப்பட்ட பெட்டகம் முழுமையாக எடை போடப்படுகிறது. எடைக்கருவி அளவுத்திருத்தம் செய்யப்பட்டு, சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சரக்குந்தோடு எடைமேடையில் ஏற்றினால், வண்டியின் எடையையும் அதன் தொட்டியில் உள்ள எரிபொருளின் எடையையும் கழிக்க வேண்டும்.

இரண்டாம் முறையில், உள்ளே செல்லும் ஒவ்வொன்றும் தனித்தனியே எடை போடப்பட்டு, பெட்டகத்தின் கதவில் எழுதப்பட்டுள்ள வெற்று எடையுடன் கூட்டப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 20 அடிப் பெட்டகம் ஒன்றில் சாக்குடன் சேர்த்து 25.1 கிலோ எடையுள்ள 500 அரிசி மூட்டைகள் ஏற்றப்படுவதாகக் கொள்வோம்:

மூட்டைகள்: 12,550 கிலோ
அடித்தட்டுகள் 10: 200 கிலோ
முட்டுக்கட்டைகள், கயிறுகள்: 50 கிலோ
வெற்றுப் பெட்டகம்: 2,250 கிலோ
மொத்தம்: 15,050 கிலோ

இம்முறைக்குச் சரக்கு நிரப்பப்படும் நாட்டின் உரிய அதிகார அமைப்பு ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். பழைய இரும்பு, மூட்டையிடப்படாத தானியம் போன்றவற்றைத் தனித்தனியே எடைபோடுவது கடினம் என்பதால் அவற்றிற்கு முதல் முறையே பொருந்தும். இரு முறைகளிலும் மதிப்பீடாக எடையைக் குறிப்பிட அனுமதி இல்லை.

பொறுப்பு

எடையைச் சரிபார்த்துத் தெரிவிக்கும் பொறுப்பு, கப்பல் சரக்கு ஆவணத்தில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள அனுப்புநரைச் சாரும். எடை போடும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு அவருடையதே. அவரால் அதிகாரமளிக்கப்பட்டவர் கையொப்பமிட்ட ஆவணம், அடுக்குத் திட்டம் தயாரிப்பதற்கு முன் கப்பல் தலைவரின் சார்பாளருக்கும் துறைமுக முனையத்துக்கும் சென்றுசேர வேண்டும். மின்னணுக் கையொப்பமும் ஏற்கப்படுகிறது. எடை தெரியாமல் முனையத்துக்கு வந்த பெட்டகத்தை அங்கேயே எடைபோட்டு ஏற்றவும் வழியுண்டு. அதற்கான செலவை யார் ஏற்பது என்பது தொடர்புடையோரின் உடன்பாட்டைப் பொறுத்தது.

வரம்புகள்

சரிபார்க்கப்பட்ட எடை, பெட்டகத்தின் மொத்த எடையை மட்டுமே கூறும். உள்ளே சரக்கு ஒரு பக்கமாகக் குவிந்துள்ளதா, உறுதியாகக் கட்டப்பட்டுள்ளதா, அபாயகரமான பொருள் மறைக்கப்பட்டுள்ளதா என்பவற்றை அது காட்டாது. ஆகவே, முறையாக நிரப்புதலும் உண்மையான சரக்கு விவரமும் எடை சரிபார்ப்புடன் சேர்ந்தே கடற்பயணத்தைப் பாதுகாப்பானதாக ஆக்குகின்றன.