கிச்சன் பலகையில் ஒரு பாய்மரப் படகு

மதுக்கரையில் கடல் இல்லை, காற்றுக்குக் குறைவில்லை. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் தென்மேற்குக் காற்றில் மொட்டை மாடிக் கொடியில் துணி தங்காது. ஒரு சின்னப் பாய்மரப் படகை வீட்டிலேயே கட்டத் தேவையான சாமான்களும் கோவையில் கிடைக்கும்.

வீட்டுப் படகு மோகத்தைக் கிளப்பியது, 1963-ல் இங்கிலாந்தில் அறிமுகமான 'மிரர்'. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், டி.வி.யில் வீட்டு மராமத்து வேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் 'டெய்லி மிரர்' பத்திரிகைக்காக உருவாக்கியது. நீளம் பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவு, பாய் சிவப்பு. இதுவரை 70,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

சூட்சுமம் தையலில் இருக்கிறது. பிளைவுட்டை அளவாக அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பி கோத்து முறுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பி இறுக இறுக வளைந்து படகாகிவிடும். பிறகு மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா வைத்து ரெசின் பூசி, காய்ந்ததும் வெளியே நீட்டும் கம்பியை நறுக்கிவிடலாம்.

தைத்த படகு நமக்குப் புதிதல்ல. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, தென்னங்கயிற்றுத் தையல்தான். அலை மோதினால் நெளிந்து கொடுக்கும். மிரர் நெளியாது, அந்த வகையில் நம் பழைய படகே கெட்டிக்காரப் படகு என்பேன்.

சமையலறை அலமாரிக்கு ஆசாரிகள் கேட்டு வாங்கும் '710' பிளைதான் மரைன் பிளை; ஐ.எஸ். 710 என்பது அதன் இந்தியத் தர எண். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் முத்திரையைப் பாருங்கள். ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் வேண்டாம், தண்ணீர் நுழைவது அங்கேதான். அலமாரிக்கு 18 மி.மீ. என்றால் படகுக்கு 6 மி.மீ. போதும், அதற்கு மேல் கனத்தால் வளைக்க முடியாது. செம்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கவே இருக்கிறது, பம்ப்செட் ஊரில் அதற்கா பஞ்சம்?

"எல்லாஞ் சரிங்க, தண்ணி எங்கீங்க?" என்று ஆசாரி கேட்டால் கேள்வி நியாயம்தான். குளங்களில் ஆகாயத்தாமரை, அணை என்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். நல்லவேளையாக மிரரின் உடல் எடை சுமார் 45 கிலோதான். இரண்டு பேர் தூக்கிக் கார் கூரையில் கட்டிவிடலாம். அகலம் மட்டும் நாலரை அடி. உள் அறையில் வேலையைத் தொடங்குகிறவர்கள் முதலில் வாசல் நிலையை அளந்துகொள்வது நல்லது.