ஆசனவாய்ப் புற்றுநோய்: தடுப்பும் சிகிச்சையும்

நாணத்தின் காரணமாக முற்றவிடப்படும் நோய்களுள் ஆசனவாய்ப் புற்றுநோயும் ஒன்றாகும். இரத்தக் கசிவு, வலி, அரிப்பு, கட்டி ஆகிய இதன் அறிகுறிகள் மூல நோயை ஒத்திருப்பதால், நோயாளியும் சில வேளைகளில் மருத்துவரும் இதனை மூலம் என்றே கருதிவிடுவதுண்டு. சிகிச்சைக்குரிய மாதங்கள் களிம்பு தடவுவதிலேயே கழிந்துவிடுகின்றன.

இந்நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேருக்கு ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சிறப்பாக அதன் 16-ஆம் வகை, காரணமாகும். எச்.ஐ.வி. தொற்றும் புகை பிடித்தலும் ஆபத்தை மிகுவிக்கின்றன. வைரஸ் தொற்றுவதற்கு முன், இளம் பருவத்திலேயே தடுப்பூசி இடுவது சிறந்த தடுப்பு முறையாகும். இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி வழங்கப்பட்டது.

அரிய நோயாதலின் அனைவரையும் பரிசோதிக்கத் தேவையில்லை. ஆபத்து மிகுந்தோரைப் பரிசோதித்தால் போதும். எச்.ஐ.வி. தொற்றுள்ள, 35 வயதைக் கடந்தோரிடையே அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. புற்றுக்கு முந்தைய திசு மாற்றங்களை அகற்றியதால் நோய் 57 சதவீதம் குறைந்தது என அது காட்டிற்று.

முன்னர் ஆசனவாயையே அறுத்தகற்றி, வயிற்றில் நிரந்தர மலத்துவாரம் அமைப்பதே வழக்கமாயிருந்தது. மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்து அளிக்கும் முறையை அமெரிக்க அறுவை நிபுணர் நார்மன் நைக்ரோ 1974-இல் வெளியிட்டார். இன்று அதுவே முதற் சிகிச்சை. நோய் எஞ்சினாலோ மீண்டாலோ மட்டுமே பெரிய அறுவை தேவைப்படுகிறது.

நமது தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் பரிசோதிக்கப்படுகின்றன. இந்நோய்க்கெனத் தனித் திட்டம் வேண்டுவதில்லை. மூலம் எனக் கூறி வருவோரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரலால் தொட்டுப் பரிசோதித்து, ஐயமிருப்பின் காலந்தாழ்த்தாது மேல் மருத்துவமனைக்கு அனுப்பினாலே பலர் காப்பாற்றப்படுவர். அதற்குச் செலவு மிகக் குறைவே.